இலை போட்டால் போதுமா?

சென்ற வாரம் சோப்புத் தூள் வாங்கப் போனேன். ஒரு பெட்டியில் பச்சை இலை படம். அதன் கீழே "இயற்கைக்கு உகந்தது" என்று கொட்டை எழுத்து. பத்து ரூபாய் அதிகம் கொடுத்து, பெருமையோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"எது உகந்ததாம்? தூளா, அட்டையா?" என்று கேட்டாள் மனைவி. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதில் இல்லை.

இதே கேள்வியைச் சர்க்காரும் கேட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, 'பசுமை', 'சுத்தம்' என்று மொட்டையாக விளம்பரம் செய்யக் கூடாது. சரக்கா, உறையா, தயாரிக்கும் முறையா என்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஆதாரமும் வேண்டும்.

1991-லேயே சர்க்கார் 'ஈகோமார்க்' முத்திரையை ஏற்படுத்தியது. அதன் சின்னம் மண்பானை! மண்ணில் பிறந்து மண்ணிலேயே சேரும் பானை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கம்பெனிக்காரர்களே! "பூமியைக் காக்கிறோம்" என்று முழங்க வேண்டாம். "அட்டையைக் குறைத்துவிட்டோம், தூளை இன்னும் மாற்றவில்லை" என்று எழுதுங்கள். குறையையும் சேர்த்துச் சொல்கிறவர்களை நம்பலாம். பத்து ரூபாயை மனமுவந்து கொடுப்போம்.

வெறும் இலையை மட்டும் போட்டுவிட்டு எதுவும் பரிமாறாவிட்டால், பந்தியில் எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பது?