பத்தி எழுதும் பொருளியலாளர்கள்: எங்கள் நிலைப்பாடு

ஒரு பொருளியலாளர் நாளிதழில் பத்தி எழுதத் தொடங்கினாலோ, தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி தென்பட்டாலோ, இனி அவரை ஆய்வாளராக மதிக்க முடியாது என்ற முணுமுணுப்பு துறைக்குள் எழுகிறது. கல்லூரிகளில் பொருளியல் கற்பிப்போரும் படிப்போரும் சேர்ந்த எங்கள் அமைப்பு இதை ஏற்கவில்லை. வெகுமக்களுக்கு எழுதுவதால் மட்டும் யாருடைய ஆய்வும் மதிப்பிழப்பதில்லை. ஆய்வில் சம்பாதித்த மதிப்பு அவருடைய பத்திக்குத் தானாக வந்து சேரவும் கூடாது.

இந்த விவாதத்தில் தவறாமல் அடிபடும் பெயர் அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ருக்மன். ஜெர்மனியும் கார் செய்கிறது, பிரான்சும் கார் செய்கிறது. பிறகு ஏன் இரண்டும் ஒன்றுக்கொன்று கார் விற்றுக்கொள்கின்றன? பழைய வணிகக் கோட்பாடு இந்தக் கேள்வியில் தடுமாறியது. உற்பத்தி பெருகப் பெருக அடக்கவிலை குறைவதையும், வாங்குவோர் பல ரகங்களை விரும்புவதையும் இணைத்து 1979இல் ஒரு சிறு கட்டுரையில் க்ருக்மன் விடை தந்தார். 2008இல் கிடைத்த நோபல் பரிசு இந்த வேலைக்கும், தொழில்கள் எந்த இடங்களில் குவிகின்றன என்ற ஆய்வுக்கும் உரியது. 2000 முதல் 2024 வரை நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய பத்திகளுக்கும் அந்தப் பரிசுக்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பத்திகளில் பிழைகள் உண்டு. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில், ட்ரம்ப் வெற்றியால் சரியும் சந்தை எப்போதுமே மீளாது என்கிற அளவுக்கு எழுதிவிட்டு, சில நாட்களில் பின்வாங்கினார். 2021இல் அமெரிக்கப் பணவீக்கத்தைக் குறைத்து மதிப்பிட்டார். மறு ஆண்டு ஜூலையில் தன் கணிப்பு தவறிவிட்டதென்று அதே நாளிதழில் ஒப்புக்கொண்டார். இவற்றால் 1979 கட்டுரையின் ஒரு சமன்பாடுகூட மாறவில்லை. அந்தக் கட்டுரையைக் காட்டி 2016இல் எழுதியதை நியாயப்படுத்தவும் முடியாது. க்ருக்மனின் அரசியல் பிடிக்காதவர்கள் முதலாவதையும், பிடித்தவர்கள் இரண்டாவதையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆளைப் பார்த்து ஆய்வை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இருக்கிறார். பங்கு விலைகள் இனி இறங்காத உயரத்தை எட்டிவிட்டன என்று 1929 அக்டோபரில் அவர் அறிவித்த சில நாட்களில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. பேர் கெட்டது. விலைவீழ்ச்சியும் கடன்சுமையும் ஒன்றையொன்று எப்படி மோசமாக்குகின்றன என்று 1933இல் அவர் எழுதிய கட்டுரைக்கு அன்று காது கொடுத்தவர் சொற்பம். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பலரும் அதைத் தேடிப் படித்தார்கள். ஃபிஷரின் அந்தச் சிந்தனையை நவீன மாதிரிக்குள் கொண்டுவந்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைப் பொருளியலாளர் கவுதி எகர்ட்ஸனுடன் சேர்ந்து எழுதியவர் யார்? வாரம் இருமுறை பத்தி எழுதிக்கொண்டிருந்த அதே க்ருக்மன்.

பத்தி எழுதினால் ஆய்வுக்கு நேரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் நியூஸ்வீக் இதழில் பத்தி எழுதத் தொடங்கியது 1966இல். பணவீக்கத்தைக் கூட்டி வேலையின்மையை நிரந்தரமாகக் குறைக்க முடியாது என்ற அவருடைய புகழ்பெற்ற உரை நிகழ்ந்தது அதற்குப் பிறகுதான், 1967 டிசம்பரில்.

நம்பகத்தன்மையை உண்மையில் அரிப்பது பணமும் மறைப்பும் என்று கருதுகிறோம். ஐஸ்லாந்தின் நிதி நிலைமை உறுதியானது என்ற தொனியில் 2006இல் ஓர் அறிக்கை வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடெரிக் மிஷ்கின். அதற்காக அந்நாட்டு வர்த்தகச் சங்கம் அவருக்கு 1,24,000 டாலர் கொடுத்திருந்தது. 2008 அக்டோபரில் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் கவிழ்ந்தன. இந்தப் பணத்தை 2010இல் இன்சைட் ஜாப் ஆவணப்படம் ஊரறியப் பேசியது. கவனியுங்கள், மிஷ்கின் பணம் பெற்று எழுதியது நாளிதழ்ப் பத்தி அல்ல, ஆய்வறிக்கை. 2012இல் அமெரிக்கப் பொருளியல் சங்கம் தன் இதழ்களில் எழுதுவோர் பணத் தொடர்புகளை வெளியிட வேண்டும் என விதி செய்தது. பத்திகளிலும் வானொலி, தொலைக்காட்சிக் கருத்துகளிலும் அதையே பின்பற்றும்படி பொருளியலாளர்களை வலியுறுத்தியது.

தமிழ் நாளிதழ்களும் செய்தித் தொலைக்காட்சிகளும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். பட்ஜெட் நாளன்று ஒருவரைப் பொருளாதார நிபுணர் என்று அறிமுகப்படுத்தும்போது, அவர் ஆய்வு செய்த துறை எது, எந்த நிறுவனத்துக்கு அல்லது கட்சிக்கு ஆலோசகராக இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். சென்ற ஆண்டு அவர் சொன்னது பலித்ததா என்றும் கேளுங்கள். கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வட்டி விகிதத்தைப் பற்றிப் பொதுவாசகருக்குப் புரியும்படி ஓர் ஆசிரியர் தமிழில் எழுதினால், அதை ஆய்வுக்கு இடையூறாகக் கணக்கில் வைக்காதீர்கள்.