வலது கையில் மாட்டுங்கள்

பல்ஸ் ஆக்சிமீட்டர்களுக்கான புதிய வரைவு வழிகாட்டுதலை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் வெளியிட்டது. 2013 வழிகாட்டுதலின்படி பத்துப் பேரிடம் சோதித்து, அதில் இருவர் கருந்தோல் உள்ளவராக இருந்தாலே போதும். வரைவோ 150 பேரைக் கேட்கிறது; வெளிர்தோல், இடைநிறம், கருந்தோல் என எல்லாப் பிரிவினரும் போதிய அளவில் இருக்க வேண்டும் என்கிறது. இதை வரவேற்கிறோம். 2020 டிசம்பரில் வெளியான மிச்சிகன் ஆய்வை யாரும் மறந்திருக்க முடியாது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ஏபிஜி-யில் சாச்சுரேஷன் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

வார்டில் இரண்டு மூன்று புள்ளி கூடுதலாகக் காட்டினால் சமாளித்துவிடலாம். தொடைவழி வி.ஏ. எக்மோவில் சமாளிக்க முடியாது.

நம் பக்கத்து நோயாளியையே எடுத்துக்கொள்வோம். உடுமலை, பல்லடம் பக்கம் மக்காச்சோளக் குடோனுக்கு வாங்கி வைத்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை விழுங்கியவர். இதயம் படுத்துவிட்டதால் வி.ஏ. போடுகிறோம். விஷத்தின் வேகம் தணிந்ததும் இதயம் மீண்டும் வலுவாகத் துடிக்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நுரையீரலில் இன்னும் நீர். இடது வெண்ட்ரிக்கிள் தள்ளுவது அந்த நுரையீரலைத் தாண்டி வந்த ரத்தத்தை. தொடையிலிருந்து மேலேறும் சிவந்த ரத்தத்தை அது கீழே தள்ளத் தள்ள, இரண்டும் கலக்கும் இடம் பெருந்தமனியின் வளைவைத் தாண்டி இறங்குகிறது. கரோனரிக்கும் மூளைக்கும் போவது கறுத்த ரத்தம். ஆக்சிஜனேட்டருக்குப் பின் எடுத்த ஏபிஜி-யில் ஆக்சிஜன் அழுத்தம் 400 காட்டும். கால் விரலில் மாட்டிய புரோப் 99 காட்டும். வலது கை மட்டும்தான் உண்மையைச் சொல்லும். அந்தக் கையில் மாட்டிய கருவியே நம் தோலில் கூட்டிக் காட்டினால், கலக்கும் இடம் இறங்கியதை நாம் எப்போது தெரிந்துகொள்வது?

தெரிந்தால் வழி உண்டு. வென்டிலேட்டரை மாற்றிப் பார்க்கலாம். கழுத்துச் சிரையில் இன்னொரு ரிட்டர்ன் கேன்யுலா போட்டு வி-ஏவி ஆக்கலாம். டிரெய்னேஜ் நுனி கீழ்ப் பெருஞ்சிரையிலேயே நின்றுவிட்டால், மேற்பெருஞ்சிரையின் கறுத்த ரத்தம் தடையில்லாமல் வலது இதயத்துக்குள் போகும். நுனியை மேலே ஏற்றி வைப்பதன் அருமை இங்கேதான் தெரியும். எக்கோ வைத்து நுனியைப் பாருங்கள். எக்ஸ்ரேயை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

நம் அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. 2021 ஜூலையில் ஆக்சிமீட்டரின் வர்த்தக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். நல்லதுதான். விலையில் காட்டிய அக்கறையை அந்தக் கருவி காட்டும் எண்ணிலும் காட்டக் கூடாதா? பெட்டிக்குள் வரும் கையேட்டில், எந்த நிறத் தோலில், எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்ற வரியை நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். கண்ணில் பட்டதே இல்லை. டெண்டரில் குறைந்த விலைக்காரர் ஜெயிக்கிறார். கருந்தோல் மக்கள் கோடிக்கணக்கில் வாழும் நாடு, தன் மக்களின் தோலுக்காக அமெரிக்க வரைவொன்று இறுதியாகும் வரை காத்திருக்க வேண்டுமா? நம் தோலில் கருவியைச் சோதிக்க முக்கியமாக வேண்டியவை ஒரு ஆர்ட்டீரியல் லைன், கோ-ஆக்சிமீட்டர், தன்னார்வலர்கள். கோவையின் எந்தப் பெரிய மருத்துவமனையாலும் செய்ய முடிகிற வேலை. யாரும் பணிக்கவில்லை என்பதால் கிடக்கிறது.

உத்தரவு வரும்போது வரட்டும். அதுவரை, வி.ஏ. போட்ட நோயாளிக்கு வலது ரேடியல் லைன் இல்லாமல் ஒரு ஷிப்டும் கடக்க வேண்டாம். நெற்றியில் நிர்ஸ் இருந்தால் மாட்டுங்கள். புரோப் எண்ணும் ஏபிஜி சாச்சுரேஷனும் எவ்வளவு விலகுகின்றன என்று நர்சிங் சார்ட்டில் அருகருகே எழுதச் சொல்லுங்கள். தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ கேஸ் அனுப்புகிறோம் என்று போன் வந்தால், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: வலது ரேடியலைக் குத்திக் கெடுக்க வேண்டாம், ரத்தம் எடுப்பதானால் இடது கையில் எடுங்கள் என்று.