எட்டு அத்தியாயத்தில் ஓர் அப்பா

ஒரகடம் ஷிஃப்ட் பஸ்ஸில், தூங்காத இளைஞர்களின் செல்போனில் 'ஒன் பீஸ்'. 1997-ல் எயிச்சிரோ ஓடா தொடங்கிய ஜப்பானியப் படக்கதை, இன்னும் முடிந்தபாடில்லை. 2023-ல் எக்ஹெட் தீவுச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது, அதை அப்படியே நிறுத்திவிட்டு குமா என்ற துணைப் பாத்திரத்தின் முன்கதைக்குள் போய்விட்டார் ஓடா. நாயகன் லூஃபியைக் காணோம் என்று முணுமுணுப்பு வேறு! ஆனால், உணர்ச்சியே இல்லாத இயந்திரம் என்று நினைத்த குமா, மகளாக வளர்த்த போனியின் நோய் தீர, தன் மனதையே விலையாகக் கொடுத்தவன் என்று தெரிந்ததும் கண் கலங்காதவர் குறைவு. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு நைட் ஷிஃப்ட் பார்க்கும் அப்பாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஊமை ராணிக்காக 'பொன்னியின் செல்வன்' கதையைப் பின்னோக்கித் திருப்பியவர்தானே கல்கியும்?

1095 முதல் 1102 வரை எட்டே அத்தியாயம். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் பாதியாவது படித்துவிடலாம்.