வாய்க்கு மருந்து, கண்ணுக்குக் காவல்



கடந்த மாதம் ஒரு நாள், எங்கள் அயலில் வாழும் ஆச்சி ஒருவருக்கு மொழிபெயர்த்து உதவும் பொருட்டு, ஹோர்சன்ஸ் நகரிலுள்ள பற்சிகிச்சை நிலையம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பொய்ப்பல் உராய்ந்து உராய்ந்து, ஆச்சியின் கீழ் முரசிலே சிறு தசையொன்று தடித்து வளர்ந்திருந்தது. அதனை லேசர் கதிரினால் அகற்றப்போவதாக வைத்தியர் கூறினார். ஆச்சியுடன் பத்து வயதுப் பேரனும் வந்திருந்தான். தாதி முதலிற் செய்த காரியம், அவனை வெளியே அனுப்பிக் கதவை மூடியதுதான். இரண்டாவதாக, ஆச்சியின் மூக்குத்தியைக் கழற்றுமாறு கேட்டார். மூன்றாவதாக, பக்கங்களும் மூடப்பட்ட நிறக் கண்ணாடியொன்றை அவரது கண்களில் மாட்டினார். எனக்கும் ஒன்று தந்தார்.

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ரீச்சர், நோ வாயிலை. கண்ணை ஏன் மறைக்கினம்? கலியாணத்துக்குப் பிறகு கழற்றாத மூக்குத்தியை ஏன் கழற்றச் சொல்லினம்? பெடியன் என்ன பிழை செய்தவன்?" என்று என்னிடம் கேட்டார்.

எங்களை மதிக்காமையால் இவ்வாறு நடத்துகிறார்கள் என்று அவர் எண்ணினார் போலும். உண்மையில் அம்மூன்று செயல்களும் எங்களைக் காப்பதற்காகவே செய்யப்பட்டன. அதனை விளக்குவதே இவ்வாரப் பத்தியின் நோக்கம்.

ஒளியைக் கொண்டு நோய் தீர்ப்பது டென்மார்க்குக்குப் புதிதன்று. தோலிலே தோன்றும் ஒருவகைக் காசநோய்க்கு ஒளியினாற் சிகிச்சை அளித்த நீல்ஸ் பின்சன் என்னும் வைத்தியர், 1903ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றார். லேசர் அதற்குப் பின்னர் தோன்றியது. அதற்கான அடிப்படைக் கருத்தை 1917இல் ஐன்ஸ்ரைன் வெளியிட்டார். முதலாவது லேசர் கருவியை 1960இல் தியோடர் மைமன் அமெரிக்காவில் இயக்கிக் காட்டினார். ஐந்து ஆண்டுகளின் பின்னர், லியோன் கோல்ட்மன் என்ற தோல் வைத்தியர், பல் வைத்தியரான தம் சகோதரரின் பல்லிலேயே அதனைச் சோதித்துப் பார்த்தார். இன்று தடித்த தசையை அகற்றவும், குருதிப் பெருக்கைக் குறைக்கவும், சில வேளைகளிற் பற்சூத்தையை நீக்கவும் லேசர் பயன்படுகிறது.

நான் கலைப்பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவள் அல்லள். எனினும் ஊரிலே எங்கள் பாடசாலை முற்றத்தில், மாணவர்கள் பூதக்கண்ணாடியை வெயிலிற் பிடித்துத் தாளைப் பொசுக்கி விளையாடியதைக் கண்டிருக்கிறேன். பரந்து விழும் வெயில் தாளை எரிப்பதில்லை. ஒரு புள்ளியிற் குவிந்தால் எரிக்கிறது. நமது கண்ணின் வில்லையும் ஒரு பூதக்கண்ணாடியே. கண்ணுக்குள் நேராக நுழையும் லேசர் கதிரை அது விழித்திரையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு செறிவாகக் குவித்துவிடும்.

இதிலே இன்னுமோர் ஆபத்தும் உண்டு. முரசுச் சிகிச்சைக்குப் பெரிதும் பயன்படும் டயோட் லேசரின் அலைநீளம் சுமார் 800 முதல் 1,000 நனோமீற்றர் வரையிலானது. இது செந்நிறக்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரியாது. கூசும் ஒளி பட்டால் நாம் உடனே இமையை மூடுகிறோம். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. விழித்திரைக்கு நோவை உணரும் நரம்புகளும் இல்லை. ஆகவே பார்வை கெட்ட பின்னரே கெட்டது தெரியவரும். எர்பியம், காபனீரொட்சைட்டு ஆகிய லேசர் கதிர்கள் விழித்திரை வரை செல்வதில்லை. ஆனால் கருவிழியின் மேற்படலத்தைச் சுடக்கூடியவை. ஆச்சியின் முதலாவது கேள்விக்கு விடை இதுவே.

அக்கண்ணாடிக்குப் பதிலாக வெயிற் கண்ணாடியோ, நாம் வாசிக்க அணியும் கண்ணாடியோ உதவாது. ஒவ்வொரு லேசருக்கும் அதன் அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடி வேண்டும். எந்த அலைநீளத்துக்கு உரியது என்பது கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கருவிக்கு உரிய கண்ணாடி மற்றொன்றுக்குப் பயன்படாமற் போகலாம்.

இரண்டாவது கேள்வி மூக்குத்தியைப் பற்றியது. மினுங்கும் உலோகத்திற் பட்ட கதிர் கண்ணாடியிற் பட்டது போலத் தெறித்து, நினையாத திசையிற் செல்லும். வாய்க்கு மிக அண்மையில் இருக்கும் நகை மூக்குத்தியே. எனவே சிகிச்சைக்குச் செல்லுமுன் மூக்குத்தி, தோடு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துச் செல்வது நன்று.

மூன்றாவது, பேரனைப் பற்றியது. லேசர் கருவிகள் ஆபத்தின் அளவுக்கேற்ப 1 முதல் 4 வரை வகுக்கப்பட்டுள்ளன. பல் வைத்தியர் தசையை வெட்டப் பயன்படுத்துவது, அரை உவாற்றுக்கு மேற்பட்ட வலுவுள்ள நான்காம் வகுப்பு. இதன் தெறித்த கதிரும் கண்ணைக் கெடுக்கவல்லது. ஆதலால் தேவையற்றவர்கள் அறையில் இருத்தலாகாது. கதவில் எச்சரிக்கைப் பலகை இருத்தல் வேண்டும். உள்ளே நிற்கும் அனைவரும் கண்ணாடி அணிதல் வேண்டும். செயற்கை ஒளிக்கதிர்களிலிருந்து தொழிலாளரைக் காக்குமாறு ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் விதித்த பணிப்புரை லேசருக்கும் பொருந்தும். பற்சிகிச்சை நிலையங்களிற் பணிபுரியும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் அவசியம். தசை கருகும்போது எழும் புகையும் சுவாசத்துக்கு நல்லதன்று. அதனை உறிஞ்சும் குழாய் வாயருகே இருக்க வேண்டும்.

ஒரு மயக்கத்தையும் நீக்கிவிடுகிறேன். பல் அடைக்கும்போது, அடைப்பை இறுக வைப்பதற்காகக் காட்டும் நீல ஒளியைப் பலர் லேசர் என்று எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் லேசர் அன்று. சாதாரண நீல விளக்கு. ஆயினும் அதனையும் உற்று நோக்கலாகாது. செம்மஞ்சள் நிறத் தடுப்பு வைக்கப்படுவது அதற்காகவே.

வெற்றிலை பாக்குப் போடும் பெரியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது உறுதிப்படுத்தப்பட்ட விடயம். வாயினுள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோன்றிய படை இரண்டு வாரங்களுக்கு மேல் மாறாதிருப்பின், அதனை வைத்தியரிடம் காட்டுங்கள். அதனை லேசரினால் ஆவியாக்கி அழிப்பதற்கு முன்னர் சிறு துண்டெடுத்துச் சோதிக்க வேண்டும். முழுவதையும் எரித்துவிட்டாற் சோதிப்பதற்கு ஒன்றும் எஞ்சாது. ஆச்சிக்கும் முந்திய தடவை துண்டெடுத்துச் சோதித்து, நோயில்லை என்று அறிந்த பின்னரே லேசர் பிடிக்கப்பட்டது.

வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். மொழியும் போதாதென்றால் முற்றாக மௌனமாகிவிடுகிறோம். இந்நாட்டில் நோயாளி கேட்பதை எவரும் குறையாகக் கொள்வதில்லை. லேசர் சிகிச்சை என்று சொல்லப்பட்டால், கதிரை இயக்குமுன் ஒரு சொல்லையேனும் கேளுங்கள்: "லேசர்பிரில்லர்?" லேசருக்கான கண்ணாடி என்பதே அதன் பொருள். பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச் சென்றால், அவர்களுக்கும் கண்ணாடி உண்டா என்று கேளுங்கள்.

சென்ற வாரம் ஆச்சி மீண்டும் சிகிச்சைக்குச் சென்றார். மூக்குத்தியை வீட்டிலே சாமிப் படத்தின் முன் வைத்துவிட்டு வந்திருந்தார். கதிரையில் அமர்ந்ததும், நான் வாய் திறக்குமுன், தாதியை நோக்கித் தமது கண்களைத் தொட்டுக் காட்டி, "பிரில்லர்?" என்றார். தாதி சிரித்துக்கொண்டே கண்ணாடியை எடுத்து நீட்டினார்.