வண்டி குடித்த ஆயில் எங்கே போனது?

110 சிசி ஸ்கூட்டர் என்ஜினில் இருக்கும் ஆயில் ஏறத்தாழ 700 முதல் 800 மில்லிலிட்டர்தான். காரில் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். அங்கே கால் லிட்டர் குறைந்தால் என்ஜின் தாங்கிக்கொள்ளும். ஸ்கூட்டரில் அதே கால் லிட்டர் குறைந்தால், இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

மிஞ்சிய ஆயிலுக்கு வேலை கூடிவிடும். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் போன்ற வண்டிகளில் ரேடியேட்டர் கிடையாது. ஒரு சின்ன விசிறி சிலிண்டரின் மேல் காற்றை அடிக்கிறது. அந்தக் காற்று எட்டாத உட்பகுதிகளின் சூட்டை ஆயில்தான் வாங்கி வெளியே கொண்டுவருகிறது. உராய்வைக் குறைப்பதும் குளிரவைப்பதும் அதன் பொறுப்பு. அளவு குறைந்தால் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படும். பம்பிலிருந்து தொலைவில், சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்டும் ராக்கர் ஆர்மும் இதில் விரைவாக அடிபடுபவை. வால்வுகளைத் திறந்து மூடும் உறுப்புகள் அவை. எனவே ஆயில் குறைவதையும் வால்வு கோளாறையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆயில் குறைகிறது என்று சொன்னதும் பட்டறையில் அடிக்கடி கேட்கும் பதில், “ரிங் போச்சு, என்ஜின் இறக்கணும்” என்பது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆயில் வெளியேற நான்கு வழிகள் உண்டு: வெளிக்கசிவு, பிரீதர் குழாய், வால்வு தண்டு, பிஸ்டன் ரிங். எந்த வழி என்று தெரிந்த பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், ஆயில் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று சரியாக அளக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டி சரியான அளவைக் காட்டாது. என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி செருகுங்கள். பல ஸ்கூட்டர்களில் அளக்கும்போது அதைத் திருகக் கூடாது. துளையின் வாயில் உட்காரவைத்தாலே போதும். திருகினால் குச்சி இன்னும் ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிக ஆயில் காட்டும். உங்கள் வண்டிக்கு எது முறை என்று கையேட்டில் எழுதியிருக்கும்.

ஆயில் குறைந்திருப்பது உறுதியானால் வெளிப்புறத்திலிருந்து தொடங்கலாம். டிரெயின் போல்ட்டின் வாஷர், வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம், வால்வு மூடியின் கேஸ்கெட் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள். கசிவு சொட்டுச்சொட்டாகத் தரையில் விழ வேண்டும் என்பதில்லை. விசிறிக் காற்றில் பரவி, தூசியோடு சேர்ந்து, சிலிண்டரின் மேல் கறுப்புப் பிசுக்காக ஒட்டியிருக்கலாம். அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஓரிரு நாள் ஓட்டிய பின் பார்த்தால், புதிய ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இடப்பக்கத்து பெல்ட் மூடிக்குள் நடக்கும் கசிவு வெளியே தெரியவே தெரியாது. அங்கே கிராங்க் ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தேய்ந்தால், ஆயில் பெல்ட்டில் பட்டு பெல்ட் வழுக்கும். பிக்-அப் குறைந்துவிட்டது என்று என்ஜினைச் சந்தேகிக்கிறோம். குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் வளையமாக இருக்கும்.

இரண்டாவது வழி பிரீதர். என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் காற்றழுத்தத்தை ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுபோகும் குழாய் அது. அழுத்தம் அளவுக்கு மீறினால் ஆயிலும் ஆவியாகவும் துளியாகவும் கூடவே போகும். ஃபில்டர் பெட்டியின் அடியில் முனை அடைத்த ஒரு சின்னக் குழாய் தொங்கும். அதில் ஆயில் தேங்கியிருந்தால் இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் இதற்கு ரிங் தேய்மானம் மட்டும் காரணமல்ல. 700 மில்லி பிடிக்கும் என்ஜினில் 800 மில்லி பாட்டிலை முழுதாகக் கவிழ்த்தாலும் இதேதான் நடக்கும். உபரி ஆயில் ஃபில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சப்பட்டு எரிந்து, புகையாக வரும். நல்ல என்ஜின் ஒன்று இப்படி நோயாளியாகத் தெரிவதுண்டு. ஆகவே ஆயில் மாற்றிய சில நாளிலேயே புகை தொடங்கியிருந்தால், முதலில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைப் பாருங்கள்.

மற்ற இரண்டு வழிகளும் எரியறைக்குள் போகின்றன. புகையின் நிறம் இங்கே உதவும். நீலம் கலந்த வெண்புகை, காந்தல் நாற்றத்தோடு, சற்று நேரம் கலையாமல் நின்றால் அது எரியும் ஆயில். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டும். குளிர்ந்த காலையில் வந்து உடனே மறையும் வெள்ளை ஆவி, சைலன்சரில் தங்கிய ஈரம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பழைய சேத்தக் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரித்தே ஓடின. அவற்றில் புகை இயல்பு. அந்தக் காலத்திலிருந்து வண்டி ஓட்டுகிறவர்கள் சிலர் இன்றும் புகையைப் பொருட்படுத்துவதில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் நீலப்புகை நோயின் அறிகுறி.

புகை எப்போது வருகிறது என்பது நிறத்தைவிட முக்கியம். வால்வு என்பது ஹெட்டில் இருக்கும் துளையைத் திறந்து மூடும் உலோகத் தட்டு. அதன் தண்டு, கைடு என்ற குறுங்குழாய்க்குள் போய்வரும். கைடின் மேல்முனையில் உள்ள ரப்பர் தொப்பிதான் ஸ்டெம் சீல். மேலே தெறிக்கும் ஆயில் தண்டோடு உள்ளே இறங்காமல் தடுப்பது அது. சூட்டில் அந்த ரப்பர் இறுகிவிட்டால், வண்டி இரவெல்லாம் நிற்கையில் ஆயில் கசிந்து சேரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு புகை வரும், பிறகு நின்றுவிடும். ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் உள்ளே இழுவிசை கூடும். கைடு வழியே ஆயில் இழுக்கப்படும். சிக்னலில் நின்று கிளம்பும்போதும், பாலத்தில் இறங்கி மறுபடி முறுக்கும்போதும் பின்னால் புகை தெரிந்தால், ஸ்டெம் சீல் அல்லது கைடு மேல் சந்தேகம் கொள்ளலாம். அப்படியின்றி, முறுக்கும்போதெல்லாம், சுமை ஏறும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டரின் உட்சுவர், அதாவது போர், தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், ஆயில் எரியும் என்ஜினில் முனை ஈரமாக, பிசுக்காக இருக்கும். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியைச் சொல்வது.

எரிந்த ஆயில் முழுதும் புகையாகப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி கார்பனாகி வால்வின் முகத்தில் படியும். வால்வு தன் இருக்கையான சீட்டில் ஒட்டி உட்கார முடியாமல் போகும். அழுத்தம் கசியும், ஆயில் கோளாறு இப்படித்தான் வால்வு கோளாறாகிறது.

வால்வு ஆரோக்கியத்தில் டேப்பெட் இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. ராக்கர் ஆர்முக்கும் வால்வு தண்டின் நுனிக்கும் நடுவே விடப்படும் இடைவெளி அது. பல ஸ்கூட்டர்களில் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே அளக்க வேண்டும். பிஸ்டன் அழுத்தச் சுற்றின் உச்சியில் இருக்கும்படி ஃப்ளைவீலின் குறியைச் சேர்த்தால், இரண்டு ராக்கர்களும் விரலுக்கு லேசாக ஆடும். அந்த நிலையில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடைவெளியில் நுழைக்க வேண்டும். தகடு இலேசான பிடிப்போடு வழுக்கி வந்தால் அளவு சரி.

இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும். உரிமையாளர் அதைக் கேட்டுப் பதறுவார். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. இரண்டில் இதுதான் ஆபத்தானது. வால்வும் சீட்டும் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மெல்லப் புதைகிறது. தண்டு மேலேறி ராக்கரைத் தொடுகிறது. இடைவெளி தீர்ந்ததும் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் மேல் ஏறும் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டுக்குத்தான் கடத்துகிறது. சரியாக உட்காராவிட்டால் சூடு இறங்க வழியில்லை, விளிம்பு கருகிவிடும். கிக்கர் எதிர்ப்பின்றி இறங்குவது, ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பது, ஐடிலில் நிற்காமல் அணைவது ஆகியவை இதன் அடையாளங்கள். சத்தத்தைப் போக்குவதற்காகவே டேப்பெட்டை இறுக்கித் தரும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை ஏற்காதீர்கள்.

ரிங்கா, வால்வா என்பதைப் பிரித்துக் காட்டுவது கம்ப்ரெஷன் சோதனை. பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து, என்ஜினைச் சுழற்ற வேண்டும். அளவு குறைவாக வந்தால், துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஆயில் ரிங்கின் இடுக்கை அடைக்கும்; வால்வை அடைக்காது. அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பது கணக்கு. ஒரு ஸ்பூன் விட வேண்டும் என்ற பொதுவான அறிவுரை ஸ்கூட்டருக்குப் பொருந்தாது. 110 சிசி என்ஜினில் அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 12 மில்லிதான். அதில் 5 மில்லி ஆயில் விட்டால் இடமே ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி, எந்த என்ஜினிலும் அழுத்தம் ஏறும். ஒன்று, இரண்டு மில்லி போதும்.

கம்ப்ரெஸர் உள்ள பட்டறையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். பிஸ்டனை அழுத்தச் சுற்றின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியே குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, காது கொடுத்துக் கேட்பது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. டிப்ஸ்டிக் துளையில் சீறினால் ரிங். ஸ்டெம் சீலை மட்டும் இந்தச் சோதனைகள் காட்டா, ஏனென்றால் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதன் வேலையல்ல. புகைகிறது, ஆனால் கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது என்றால் சந்தேகம் அதன் பக்கம் திரும்புகிறது.

இந்தச் சோதனைகள் எல்லாக் கேள்விக்கும் விடை தந்துவிடாது. ரிங்கும் வால்வும் ஒன்றாகத் தேய்ந்த பழைய என்ஜினைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஸ்டெம் சீல் மாற்ற ஹெட்டைக் கழற்றுவதற்கும், ரிங்குக்காகச் சிலிண்டரையே கழற்றி போர் செய்வதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. என்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் கம்ப்ரெஷன் அளவு என்ன என்று கேளுங்கள். போர் செய்யும் முன் சிலிண்டரின் தேய்மானத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஹெட் கழன்றிருந்தால், வால்வுகளை மூடிய நிலையில் துளைகளில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, சில நிமிடம் கசியாமல் நிற்கிறதா என்று சேர்ந்து பாருங்கள். தீ நெருங்காத இடமாக இருக்கட்டும். நல்ல மெக்கானிக் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவில்லை என்றால், காரணம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையேட்டில் சொல்லியிருக்கும் ரக ஆயிலை மேல்கோடு தாண்டாமல் ஊற்றிவிட்டு, அதன் பிறகு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லுங்கள்.