சின்ன டாக்டர் கையில் முட்டியைக் கொடுக்கலாமா?

"டாக்டர், அந்தப் பையனுக்கு இப்பத்தான் மீசையே முளைக்குது. அவன் கையில என் காலைக் கொடுக்கச் சொல்றாங்க. மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன். நீங்களே ஒரு நல்ல தைலமா கொடுங்க!"

ஊரப்பாக்கத்தில் என் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா சொன்னது இது. வயது அறுபத்தெட்டு. இரண்டு முழங்கால்களும் வில்லாக வளைந்துவிட்டன. ஸ்டேஷன் படிக்கட்டைப் பார்த்தாலே அவருக்குக் கண் கலங்கும். தைலம் கொடுத்திருந்தால் அவருக்கும் சந்தோஷம், எனக்கும் வரும்படி. நான் கொடுக்கவில்லை.

'சித்த வைத்தியர் ஆபரேஷனுக்கு வக்காலத்து வாங்குகிறாரே' என்று பார்க்கிறீர்களா? மூட்டு வலியின் ஆரம்பத்தில் ஒற்றடம், தொக்கணம், உடற்பயிற்சி எல்லாம் ஆறுதல் தரும். ஆனால் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும்போது, எந்த எண்ணெயும் அதைத் திரும்ப வளர்க்காது. பல வருடங்களுக்கு முன் இடுப்பு வலியோடு வந்த ஒரு இளைஞருக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லாமல் ஆறு மாதம் எண்ணெய் தேய்த்து அனுப்பினேன். தொடை எலும்பின் பந்து ரத்த ஓட்டமில்லாமல் உள்ளே சிதைந்துகொண்டிருந்தது. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, அந்த அம்மாவின் பயம் நியாயமா? பாதி நியாயம்.

நம் ஊரில் பெரும்பாலோர் முட்டி நன்றாக வளைந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறோம். உள்பக்க எலும்பு கரைந்திருக்கும், வெளிப்பக்க நார் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். உலோகத்தைப் பொருத்தினால் மட்டும் போதாது. இறுகிய நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாக்க வேண்டும். எவ்வளவு தளர்த்தினால் போதும்? இது கைக்குத்தான் தெரியும். இடுப்பு இன்னும் சிரமம். மூட்டுக்குப் பின்னாலேயே காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. முன்பு வைத்த செயற்கை மூட்டு தளர்ந்து மறுபடி மாற்றுவதென்றால், பழைய சிமென்ட்டை எலும்பு உடையாமல் எடுக்க வேண்டும். தைலத்தில் மெழுகுப் பதம் எது, மணல் பதம் எது என்று எனக்கு எந்தப் புத்தகமும் கற்றுத்தரவில்லை. ஆசிரியர் பக்கத்தில் நின்று, என் விரலில் எடுத்து உருட்டிப் பார்க்கச் சொன்னார்.

எம்.எஸ். ஆர்த்தோ படிப்பு மூன்று வருடம். அதில் விபத்து கேஸ்களே நேரத்தை விழுங்கிவிடும், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் குடியிருக்கும் நமக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் சிக்கலான மூட்டு மாற்றுக்கு, படிப்பு முடிந்த பிறகும் ஒரு பெரிய டாக்டரோடு கூடவே நின்று பழக வேண்டியிருக்கிறது.

இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழிகாட்டிய இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி இதை அனுபவத்தில் உணர்ந்தவர். முதலில் அவர் டெஃப்லானில் செய்த கிண்ணங்கள் சில வருடங்களிலேயே தேய்ந்துபோயின. 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அது நன்றாக வேலை செய்தும், உடனே கடைச்சரக்காக விடவில்லை. ரைட்டிங்டன் ஆஸ்பத்திரிக்கு வந்து தன்னிடம் பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் அந்த மூட்டு என்று ஆரம்ப வருடங்களில் கறாராக இருந்தார். எனக்குப் பிடித்த கண்டிப்பு அது!

கை பழகுவது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தை வைத்துச் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு 35-க்கும் குறைவாக இடுப்பு மூட்டு மாற்றும் டாக்டர்களிடம் மூட்டு நழுவுவதும் மறு ஆபரேஷனும் அதிகம் என்று தெரிந்தது. அப்படியானால் கற்றுக்கொள்பவரிடம் போகவே கூடாதா? 2022-ல் இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. பெரிய டாக்டர் கையுறை போட்டு மேஜையருகே நிற்க, பயிற்சி டாக்டர் செய்த ஆபரேஷன்களில் மறு ஆபரேஷன் கூடவில்லை. பெரியவர் அப்படிக் கூட நிற்காத இடங்களில்தான் கொஞ்சம் கூடியது.

ஆக, வயது பிரச்னை இல்லை. பக்கத்தில் யார் என்பதுதான் பிரச்னை.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. நல்ல காரியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. உலோகத்தின் விலையைக் குறைத்தாகிவிட்டது. கைகளைத் தயார் செய்வது? பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் நாம் பணம் கட்டுவதே பெரிய பெயருக்காகத்தான். அங்கே சின்னவர் சதையை விலக்கிப் பிடித்துக்கொண்டே வருடத்தை ஓட்டும் நிலை வரலாம். பயிற்சிச் சான்றிதழில் எத்தனை ஆபரேஷன் பார்த்தார் என்பதோடு, எத்தனையைத் தன் கையால் செய்தார், அப்போது யார் கூட நின்றார் என்பதும் இருக்க வேண்டும். சிக்கலான கேஸையெல்லாம் சென்னைக்குத் தள்ளாமல், அனுபவஸ்தர்கள் மாதம் சில நாட்கள் செங்கல்பட்டு மாதிரி மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வந்து, அங்குள்ள இளைஞர்களை வைத்துச் செய்தால் என்ன?

நாமும் கொஞ்சம் இறங்கி வரவேண்டும். எல்லோரும் "பெரிய டாக்டர்தான் வேணும்" என்றால், அவர் ஓய்வுபெற்ற பிறகு நம் பிள்ளைகளின் முட்டிக்கு யார்?

அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பினேன். "ஒரே ஒரு கேள்வி கேளுங்கம்மா. 'ஆபரேஷன் முடியற வரைக்கும் பெரிய டாக்டர் கையுறை போட்டுக்கிட்டு பக்கத்துல நிப்பாரா?' அவ்வளவுதான்" என்றேன். பத்து நாள் கழித்து வந்தார்.

"நிப்பாராம் டாக்டர். அந்தப் பையனே வந்து உட்கார்ந்து, படம் வரைஞ்சு காட்டுச்சு. ஆடி கழிச்சு தேதி கேட்டிருக்கேன்."

அதுவரைக்கும் ஒற்றடம் கொடுக்க நொச்சி இலை கேட்டார். அதைக் கொடுத்தேன்.