பாட்டில் நிற்கும் மொழி பேச்சில் நிற்குமா?

வேல்சு நாட்டின் தென்பகுதி நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். ஊர்க்கோயிலிலோ தொழிலாளர் மன்றத்திலோ ஊரார் கூடுவர். நரைத்த தலையினர் நாற்பதின்மர், ஐம்பதின்மர் ஒரேவகை மேற்சட்டை அணிந்து வரிசையாக நிற்பர். நுழைவுக் கட்டணம் சிறிது. அதுவும் ஊர்நலப் பணி ஏதேனும் ஒன்றுக்கே போய்ச் சேரும். நடத்துநரின் கை உயர்ந்ததும் நான்கு குரற்பிரிவுகளும் ஒன்றாய்த் திரண்டெழும். இறுதியில் நாட்டுப்பண் தொடங்க, அவை முழுதும் எழுந்து உடன்பாடும்.

அப்பண் 1856-இல் பொந்திப்பிரித்து என்னும் ஊரில் பிறந்தது. ஈவான் சேம்சு என்னும் நெசவாளர் சொல் தந்தார். அவர் மகன் சேம்சு சேம்சு இசை தந்தார். அரசவைப் புலவர் எவரும் கூலிக்கு ஆக்கிக் கொடுத்ததன்று அது!

'வேல்சு' என்னும் பெயரையே எண்ணிப் பார்க்க. வந்தேறிய ஆங்கிலேயர் அம்மண்ணின் மக்களைச் சுட்டிய 'அயலார்' என்னும் சொல்லே அது! அவர்கள் தம் நாட்டைக் 'கும்ரி' என்பர். உடனாட்டார் என்பது அதன் வேர்ப்பொருள். சொந்த மண்ணில் அயலார் ஆக்கப்பட்டோரின் மொழிக்கு நேர்ந்தவையும் சிறியன அல்ல. 1536-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முறைமன்றத்தினின்றும் அலுவலினின்றும் விலக்கியது. 1847-இல், அம்மொழி அறியாத ஆய்வாளர் மூவர், கல்வி நிலையை ஆராய வந்து, மக்களின் பின்னடைவுக்கு அவர்தம் மொழியே ஏது என்று எழுதிச் சென்றனர். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்று தொங்கவிடப்பட்டது. அடுத்துப் பேசும் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தால் அது கைமாறும். மாலையில் எவன் கழுத்தில் உள்ளதோ அவனுக்குப் பிரம்படி! தாய்மொழியைக் குற்றமாக்கியதோடு, உடன்பயில்வோனை ஒற்றனுமாக்கிய கொடுமை!

அந்நாளில் மொழிக்குப் புகலிடம் தந்தவை கோயில்களும் ஞாயிற்றுப் பள்ளிகளுமே. 1588-இலேயே வில்லியம் மார்கன் திருமறை முழுதையும் அம்மொழியில் பெயர்த்திருந்தார். சுரங்கத் தொழிலாளி அதைக்கொண்டே எழுத்தறிந்தான். எழுத்துகளாலாகிய எளிய இசைக்குறி முறையால் கூட்டுப்பாடலும் பயின்றான். கரடாக் எனப் பெயர்பெற்ற கிரிப்பித்து இரீசு சோன்சு ஒரு கொல்லர். அவர் ஏறத்தாழ 460 பேர் கொண்ட குழுவை இலண்டன் பளிங்கு மாளிகைக்கு நடத்திச் சென்று 1872, 1873 ஆகிய ஈராண்டும் பரிசு வென்றார். இழிக்கப்பட்ட வாய்களே இலண்டனைத் தலைநிமிர்ந்து கேட்கச் செய்தன. அபெர்தேர் நகரில் அவர் சிலை இன்றும் கைக்கோலுடன் நிற்கிறது.

ஆயினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. இன்று அவ்வரிசையில் நின்று உருகிப் பாடுவோருள் பலர்க்கு அம்மொழியில் உரையாட வராது. சொற்களை ஒலியால் மனப்பாடம் செய்தே பாடுகின்றனர். பாட்டு முடிந்து தேநீர் வந்ததும் அரங்கில் ஒலிப்பது ஆங்கிலமே! 1911-இல் நூற்றுக்கு 43 பேர் பேசிய மொழி 2021-இல் நூற்றுக்கு 18 பேர் அளவில் சுருங்கிவிட்டது. இவ்வளவு பாடியும் ஏன் சுருங்கியது? கோயிலுக்கும் மேடைக்கும் மட்டும் உரியதாக ஒரு மொழி ஒதுங்கி, பள்ளியும் பணிமனையும் வேறு மொழியைக் கேட்கும்போது, பெற்றோர் பிள்ளைகளிடம் அதைப் பேசுவதை விட்டுவிடுகின்றனர். முதியோரைக் குறைகூறுதல் முறையன்று. மொழியை அவர்களுக்கு மறுத்தது அவர்களுடைய பள்ளியே. பேச வராத மொழியில் பாடவேனும் வேண்டும் என்னும் அவர்தம் ஏக்கம் போற்றத்தக்கது.

இழந்ததை மீட்கத் தொடங்கியோர் மேடைக்கு வெளியே போராடினர். 1962-இல் சாண்டர்சு லூயிசு மொழியின் நிலை குறித்து ஆற்றிய வானொலி உரை, அவ்வாண்டே மொழிக்கழகம் ஒன்று பிறக்க ஏதுவாயிற்று. அதன் இளைஞர் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளை அழித்துச் சிறை புகுந்தனர். 1980-இல் குவின்வோர் எவான்சு சாகும்வரை உண்ணாநோன்பு என்று அறிவித்தார்; அரசு பணிந்தது; 1982-இல் வேல்சு மொழித் தொலைக்காட்சி வந்தது. 2011-இல் நிறைவேறிய சட்டம் அம்மொழிக்கு அலுவல்நிலை தந்தது.

நாட்டுப்பண் பிறந்த பொந்திப்பிரித்தின் அருகே, அதே 1962-இல், தென்வேல்சின் முதல் தாய்மொழிவழி உயர்நிலைப்பள்ளி இரீடுவெலெனில் திறக்கப்பட்டது. தமக்கு அம்மொழி வாராத பெற்றோர் பலரும் தம் பிள்ளைகளை அங்கு விடுத்தனர். தாத்தா பொருளறியாது பாடிய பாட்டுக்குப் பொருள் சொல்லும் பேரப்பிள்ளைகள் இன்று அப்பள்ளத்தாக்குகளில் உள்ளனர்.